சால்வைக்குச் சொன்ன விலை

கல்யாணம் முடித்து இணுவிலுக்கு வந்த புதிதில் என் வாழ்க்கை ஒரு நீண்ட விருந்தாக இருந்தது. கேட்பவர்களுக்கு இது நல்ல விஷயமாகத் தெரியும். மாதக் கணக்கில் விருந்தாளியாக இருந்து பார்த்தவனுக்குத்தான் அதன் துன்பம் தெரியும்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். வீடு சீதனமாகப் பெண்ணின் பேரில் எழுதப்பட்டிருக்கும். நான் பருத்தித்துறைக்காரன். கடற்காற்றில் வளர்ந்து, கணக்குப் படிப்பிக்கிற வாத்தியாராகி, ஒரு தகரப் பெட்டியோடு இந்தச் செம்பாட்டு மண்ணுக்கு வந்து சேர்ந்தேன். மாமா புகையிலைத் தோட்டக்காரர், பேச்சுக் குறைந்தவர். மாமிக்கு அந்தக் குறை கிடையாது. ஆனால் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து சாப்பிடும்போதும் கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவியிடம்தான் சொல்லுவார்.

"பிள்ளை, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு. அவர் ஒண்டுமே சாப்பிடேல்லை."

மீனில் நடுத்துண்டு எனக்கு. வீட்டிலிருந்த ஒரே சாய்மனைக் கதிரையும் எனக்கு. மாமி வாயால் ஏச்சு வாங்காதது அந்த வீட்டு வளவில் எதுவும் இல்லை; மாமா வாங்குவார், மகள் வாங்குவாள், மாடு வாங்கும், முருங்கையில் இருக்கிற காகமும் வாங்கும். என்னை மட்டும் அவர் ஒரு சொல் சொன்னதில்லை. சில நாட்களில், அந்தக் காகத்தின் மேல் எனக்குப் பொறாமையே வந்தது.

அந்த வருடம் மாரி நன்றாகப் பெய்தது. தை பிறந்து வெயில் எறித்தபோது பார்த்தால், எங்கள் அறைச் சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. யன்னலுக்குக் கீழே பழைய சுண்ணாம்பு வெள்ளை செதில் செதிலாகக் கழன்று நின்றது. மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். பங்குனியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். அந்த அறையில்தான் பிறக்கும்.

மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே ஆள் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. வீடு மாமா கட்டியது, கிணறு மாமா வெட்டியது, நான் படுக்கிற கட்டில்கூட மாமா செய்வித்தது. பிறக்கிற பிள்ளை கண் திறந்து பார்க்கிற சுவராவது தகப்பன் செய்வித்ததாக இருக்கட்டும் என்று எனக்குப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. என் வாத்தியார்ச் சம்பளத்துக்குள் அதை முடிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். ஏமாந்து கூடுதலான விலைக்கு ஒப்புக்கொண்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். மாமா வாயே திறக்காமல் மிச்சத்தைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் நான் அந்த வீட்டில் விருந்தாளிதான்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றியபோது பல பேரைக் கூப்பிட்டு விலை கேட்டதைப் பார்த்திருந்தேன். அதே மாதிரிச் செய்யலாம் என்று தீர்மானித்தேன்.

முதலில் ஊருக்குள்ளேயே இருந்த ஒருவர் வந்தார். வருடா வருடம் அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பவர். அறையைப் பார்த்தார், உள்ளங்கையால் சுவரைத் தட்டினார், நாடி பிடித்த பரியாரி போல உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன வரும்?" என்று கேட்டேன்.

"உங்களிட்டை நான் விலை சொல்லுறதோ? பாத்துத் தாங்கோவன்."

"பார்த்துத் தருவதென்றால் எவ்வளவு?"

"அதை நான் ஐயாவோடை கதைக்கிறன்" என்றார் அவர், மாமா இருந்த பக்கம் கண்ணைக் காட்டி.

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஐயாவோடு கதைக்க வேண்டாம், நானே பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்று அவரை அனுப்பி வைத்தேன்.

அடுத்தவர் அச்சுவேலியிலிருந்து வந்தார். நீண்டு மெலிந்த மனிதர். காதில் ஒரு பென்சில் செருகியிருந்தார். கடைசிவரை அதை எடுத்து எதுவும் எழுதவில்லை. இவர் விலை சொன்னார். சொன்னதும் நான் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். என் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் மேல் பாதிச் சுவருக்குத்தான் காணும். ஆனாலும் புது மாப்பிள்ளை பேரம் பேசுவதாவது! "யோசித்துச் சொல்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, கோப்பியும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாமவர் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்தார். மடித்த அட்டை ஒன்றை விரித்துக் காட்டினார். சின்னச் சின்னக் கட்டங்களில் விதவிதமான வர்ணங்கள்.

"சுண்ணாம்பெல்லாம் இப்ப ஆர் அடிக்கினம், மாஸ்ரர்? டிஸ்ரெம்பர் பெயின்ற் அடிப்பம். பங்களாக்களுக்கு அடிக்கிற சாமான்" என்றார்.

அளவு நாடாவால் சுவரை அளந்தார், கதவை அளந்தார், அண்ணாந்து பார்த்துக் கூரையையும் அளக்கப் போனார். அவர் சொன்ன விலையைக் கேட்ட பிறகு அச்சுவேலிக்காரர் தருமப் பிரபுவாகத் தெரிந்தார். இவருக்கும் கோப்பி கொடுத்தேன்.

அன்று பின்னேரம் நான் தலையில் கை வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்தபோது மனைவி வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள். எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டே? வீட்டுக்குள்ளை ஏன் சால்வை?"

குனிந்து பார்த்தேன். கரை வைத்த வேட்டி, தோளில் மடிப்புக் குலையாத சால்வை. அந்த வீட்டில் நான் விடிந்தது முதல் படுக்கும்வரை இப்படித்தான் இருந்தேன்.

"உங்கடை பருத்தித்துறையிலை சாரம் உடுக்கிறேல்லையோ?"

"உடுப்பேன். அது என் வீடு."

"அப்ப இது?"

நான் சால்வையின் மடிப்பைச் சரிசெய்தேன். அதைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் வந்த கோபம் முழுவதும் என் மேலேயே வந்தது.

சனிக்கிழமை காலை தகரப் பெட்டியின் அடியிலிருந்து கட்டம் போட்ட பழைய சாரத்தை எடுத்து இடுப்பில் உடுத்துக்கொண்டேன். மேலுக்கு ஒன்றும் போடவில்லை. தலையில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு, உடைந்த மண்வெட்டித் தகடு ஒன்றை எடுத்துச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன். சுரண்டும் கூலியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். பழைய வெள்ளை பொல பொலவென்று கொட்டியது. அள்ளி அள்ளி யன்னலால் வெளியே எறிந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு உடம்பில் வியர்வை ஓடியது. எனக்கு என்னை அறியாமலே சீட்டி வந்தது.

அந்த நேரம் பார்த்து, முடிவு கேட்க அச்சுவேலிக்காரர் வந்து சேர்ந்தார். அறை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியார்தானோ?"

"ஓம், நான்தான். விலையை இப்ப சொல்லும் பாப்பம்" என்றேன். என் வாயில் கடற்கரைப் பேச்சு தானாக வந்தது.

அவர் பழைய விலையிலிருந்து கொஞ்சம் இறங்கினார்.

"சுரண்டிறது என்ரை வேலை. அதைக் கழியும்."

கழித்தார்.

"சுண்ணாம்பும் நான் தாறன். பருத்தித்துறையிலை சூளை வைச்சிருக்கிறவை எனக்குச் சொந்தக்காரர். உம்மடை சுண்ணாம்பு என்ன விலை, அங்கை என்ன விலை எண்டு எனக்குத் தெரியாதோ?"

அவர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. பிறகு நாங்கள் இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். சுண்ணாம்பில் கலக்கும் நீலம் யார் வாங்குவது, ஏணி யார் கொண்டுவருவது, எத்தனை தரம் அடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. அவர் இரண்டு தடவை வாசல் படலைவரை போய்த் திரும்பி வந்தார். ஒரு தடவை நானே அவரைப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று சுரண்டினேன். விறாந்தையில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நெடுநேரமாக அவர் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

கடைசியில் அவர் ஒரு விலை சொன்னார். முதலில் சொன்னதில் அரைவாசிகூட வராது. என் கைக்கு அடக்கமான விலை.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் சால்வையோடை இருந்தியள். நான் அந்தச் சால்வைக்குத்தான் விலை சொன்னனான்" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "சால்வை போட்டவையோடை ஆர் பேரம் பேசிறது? அவைக்குந்தான் மரியாதை இல்லை, எனக்குந்தான் மரியாதை இல்லை."

இருவரும் சிரித்தோம். திங்கட்கிழமை வேலை தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர, விலையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது.

அந்தப் பெருமையோடு மிச்சமிருந்த தூளையும் கூட்டி அள்ளி யன்னலால் எறிந்தேன்.

வெளியே ஒரு சத்தம். யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே பெரிய பாய் விரித்து, அதில் மாமி ஒடியல் காயப் போட்டிருந்தார். பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து எடுக்கிற ஒடியல். அடுத்த மாரி வரைக்கும் கூழுக்கும் பிட்டுக்கும் அதுதான். அதன் மேல் காலையிலிருந்து நான் எறிந்த சுண்ணாம்பு முழுவதும் கிடந்தது. பாயின் தலைப்பில் மாமி இடுப்பில் கை வைத்து நின்றார்.

நான் சாரத்தோடு வெளியே ஓடினேன். மாமி கதவுக்குப் பின்னால் போகவில்லை. மகளைக் கூப்பிடவும் இல்லை. என் முகத்தை நேரே பார்த்தார்.

"கண் என்ன பிடரியிலையோ இருக்கு? ஊருக்கெல்லாம் கணக்குப் படிப்பிக்கிறீர், யன்னலுக்கு வெளியிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கா எட்டிப் பாக்கத் தெரியாதோ? இனிக் கூழுக்குச் சுண்ணாம்பையோ கரைக்கிறது? நிண்டு பாக்கிறார், நிண்டு. கடகத்தை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்கு வாரும். இவ்வளவையும் நீர்தான் கழுவ வேணும்."

அதோடு நிற்கவில்லை. என் சாரத்தை ஏசினார், தலையில் கட்டிய துவாயை ஏசினார், என்னைப் பெற்றுவிட்டுப் பருத்தித்துறையில் நிம்மதியாக இருக்கிறவர்களையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. நான் ஒடியலை அள்ளிய ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மாமி தண்ணீர் அள்ளி ஊற்ற ஊற்ற ஒவ்வொரு ஒடியலாகக் கழுவினேன். தண்ணீர் ஊற்றிய நேரம் முழுவதும் ஏச்சும் விழுந்துகொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் மறுபடி காயப் போட்டுவிட்டு, நனைந்த சாரத்தோடு விறாந்தைக்கு வந்தேன். மாமா பேப்பரை மடித்து வைத்தார். தான் இருந்த வாங்குப் பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"வாரும், இப்பிடிப் பக்கத்திலை இரும். இவ்வளவு காலமும் நான் தனியத்தான் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தனான்."

நான் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். சிரிப்பை அடக்க என்னால் முடியவில்லை. மாமி அதையும் கண்டு, என்ன பல்லைக் காட்டுகிறீர் என்று அங்கிருந்தே ஏசினார்.