ஃபிரிட்ஜுக்குள் அரிசி

கடலூரில் அந்தப் புயல் அடித்தபோது நான் நான்காம் வகுப்பு. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சமையலறையின் சிமெண்ட் ஷீட்டுகள் தெருவுக்குப் போய்விட்டன. பின்பக்கத்துப் பலாமரம் வேரோடு படுத்துவிட்டது. கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா முதல் நாள் அழுதாள். மறுநாள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பெண் பார்க்க வந்தவர்களைப் போல ஒவ்வொரு சாமானையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஓடாத ஃபிரிட்ஜுக்குள் அரிசியைக் கொட்டி மூடினாள். அதற்குள் ஈரமும் போகாது, எலியும் போகாது. வாஷிங் மெஷினைச் சோப்பு வாசனை போகக் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியை விளக்குக்குப் பின்னால் சாய்த்ததும் கூடம் முழுக்க வெளிச்சம் வந்தது. எனக்கு எல்லாமே விளையாட்டு. என் பங்குக்குக் கிழிந்த கொசுவலையால் காய்கறிக் கூடைக்கு முக்காடு போட்டேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து பெரியப்பா வந்தார். அம்மா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் கேட்டவர், அது வாஷிங் மெஷினிலிருந்து வருவதைக் கண்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் ஒரு குடித்தனமா? பொண்ண நான் கூட்டிம்போறேன். நீ உங்கம்மா வூட்டுக்குப் போ. சாவிய என்னாண்ட குடு, வூட்ட நான் பாத்துக்கறேன்."

அதுவரை அவர் முன்னால் உட்கார்ந்தே அறியாத அம்மா, சும்மா கிடந்த கிரைண்டர்மேல் பலகையைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பொண்ணும் வராது மாமா, சாவியும் வராது. இங்க இருக்கறதெல்லாம் அவுங்க வாங்கிப் போட்டது. கரண்ட் இல்லன்னா என்னா, அதுங்களுக்கு வேற வேல குடுத்துட்டேன். நானும் ஒரு வேல தேடிக்குவேன்."

"ஊர்ல நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"வந்து பேசட்டும். குடிக்கத் தண்ணி குடுக்கறேன். நீங்க சாப்ட்டுப் போங்க, அரிசி நனையல."

பெரியப்பா சாப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டை அளப்பவரைப் போல ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சென்னைக்குப் போயிருந்தால் ஃபேன் இருக்கும், டிவி இருக்கும், பீச் இருக்கும். எல்லாவற்றையும் அம்மா கெடுத்துவிட்டாள். அவளோ கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கைகால் வெடவெடவென்று நடுங்கியது. மழைக் குளிர் என்று நினைத்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே போர்வையை எடுத்து வந்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.