பென்சிலில் எழுதிய மின்தடை

மின்தடை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாதது இல்லை. பேப்பரில் ‘நாளை மின்தடை’ என்று வந்தால் கரண்ட் போகும். அறிவியல் புத்தகத்தில் வந்தால், மின்சாரம் ஓடுவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று ஓம் கணக்கில் எழுத வேண்டும். காலையில் காட்டூரில் என் வீட்டில் பேப்பரைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு, பதினோரு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் கரும்பலகை முன்னால் நின்று அதே சொல்லுக்கு வேறு விளக்கம் சொல்கிறவள் நான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் இரண்டும் மோதிக்கொண்டதில்லை. கடைசியில் ஒருமுறை மோதியபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பால் ஒரு பெண் தன் நோட்டில் ஒரு பக்கத்தை ரப்பரால் அழித்துவிட்டாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

நான் படித்தது தாவரவியல். இலை, வேர், மகரந்தம் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். மின்சாரப் பாடத்தை வருஷா வருஷம் வரிக்கு வரி மனப்பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். யாரும் கேள்வி கேட்டதில்லை, நானும் பிழைத்துக்கொண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் பொறியியலையும் வகுப்பறைக்குள் கொண்டுவரப் போகிறோம் என்று திருச்சியில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நாலும் சேர்ந்தது ‘ஸ்டெம்’ என்றார்கள். எனக்குத் தெரிந்த ஸ்டெம் செடியின் தண்டு. முதல் நாள் மதியம்வரை ஏதோ தண்டைப் பற்றித்தான் வரப்போகிறது என்று நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர் பெண் ஒயர், மோட்டார், சென்சார் என்று மேஜையில் பரப்பியதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. “பிள்ளைங்க தானா கண்டுபிடிக்கட்டும் மேடம். நீங்க விடையைச் சொல்லாதீங்க” என்றாள். விடை தெரிந்தால்தானே சொல்வதற்கு என்று பக்கத்தில் இருந்த டீச்சர் முணுமுணுத்தார். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கடைசி நாள் அந்தச் சாமான்களைப் போட்டு ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே கொண்டுவந்தேன். எங்கள் ஹெச்.எம். பெட்டியை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “ஒரு ஸ்க்ரூ காணாமப் போனாலும் நான்தான் பதில் சொல்லணும். பார்த்துக்கங்க” என்றார். கெஞ்சிக் கூத்தாடி, மல்டிமீட்டரை மட்டும் வெளியே எடுத்தேன். மின்தடையை அளக்கும் சின்னக் கருவி அது.

பயிற்சியில் கொடுத்த தாளில் முதல் செயல்பாடு இதுதான்: ‘வீட்டில் மின்தடையை அளந்து அட்டவணைப்படுத்துக. காலம்: இரண்டு வாரம்.’ ஒன்பதாம் வகுப்பில் அதைப் போர்டில் எழுதினேன். பிள்ளைகளை எட்டுக் குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு நாள் மீட்டரைக் கொண்டுபோய் அயன் பாக்ஸ், பல்பு, ஹீட்டர் இவற்றின் ஓமைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். “பிளக்கைப் பிடுங்கிட்டு அளக்கணும். அட்டவணை பென்சில்லதான் போடணும்” என்று இரண்டையும் ஒரே கண்டிப்புடன் சொன்னேன். படமும் அட்டவணையும் பென்சிலில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எட்டில் நல்ல அட்டவணை ஒன்றுதான் எங்கள் பள்ளி சார்பாக மாவட்டக் கண்காட்சிக்குப் போகும் என்றும் சொன்னேன்.

அன்று என் வகுப்பு முதல் பீரியட். ஒரு பெண் அது முடிந்தபிறகுதான் வந்தாள். அதிகம் பேசாத பெண். அம்மா வீட்டில் கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கம் கொடுக்கிறவர். பாக்கெட் போட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்ததில் தாமதம். நான் சொன்ன விளக்கம் எதையும் அவள் கேட்கவில்லை, எந்தக் குழுவிலும் சேரவில்லை. போர்டில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து நோட்டுகள் வந்தன. எட்டுக் குழுவிலும் அயன் பாக்ஸ் 52.9 ஓம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எல்லாருக்கும் ஒரே விடை வந்தால் அதுதான் சரியான விடை என்பது என் இருபது வருஷ அனுபவம். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்தப் பெண்ணின் நோட்டில் மட்டும் வேறு அட்டவணை. தேதி, கரண்ட் போன நேரம், வந்த நேரம், அப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தவை. பதினாலு நாளுக்கும் எழுதியிருந்தாள். நான் முதலில் திருதிருவென்று விழித்தேன். பிறகு விஷயம் புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் உரக்க வாசித்தேன். “செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு முப்பத்தஞ்சு, கிரைண்டர், மோட்டார். ஏம்மா, நீ என்ன இ.பி. ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்துட்டியா?”

வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்றாள்.

“இல்ல மிஸ். ஹவுஸ் ஓனர் மாமி, எங்க கிரைண்டராலதான் ஸ்டோர் முழுக்கக் கரண்ட் போகுதுன்னு சொல்றாங்க. கிரைண்டர் போடக் கூடாதுங்கிறாங்க. அதான்...”

ஒரே வாசலுக்குள் அஞ்சு குடித்தனம் இருக்கும் வீட்டை இங்கே ஸ்டோர் என்போம். எனக்கு அந்த ஸ்டோரும் தெரியும், அந்த மாமியின் வாயும் ஓரளவு தெரியும். இருந்தாலும், “உங்க வீட்டுச் சண்டையெல்லாம் சயின்ஸ் நோட்டுல எதுக்கு? இது தப்பு. திருத்தம் எழுதிக் காட்டு” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மின்தடைக்கு விளக்கம் பத்துத் தடவை எழுதவும் சொன்னேன்.

கண்காட்சிக்கு ‘வீட்டு மின்தடை’ என்று தலைப்பை ஹெச்.எம். ஆன்லைனில் ஏற்றிவிட்டார். யார் போகிறார்கள் என்பதைப் பிறகு சொன்னால் போதும். முதல் குழுவின் தலைவியை அனுப்புவதாக நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த இன்ஜினியர் பெண் எங்கள் பள்ளிக்கு வந்தாள். நான் பெருமையாக எட்டு அட்டவணையையும் எடுத்து வைத்தேன். அவள் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். மீட்டரைக் கேட்டாள். பின்பக்கம் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒன்றும் இல்லை. பீரோவிலிருந்து பெட்டியை எடுத்துவரச் சொல்லி, அதன் மூலையில் தேடி, ஒரு சின்னச் சதுர பேட்டரியை எடுத்தாள். அதன்மேல் கண்ணாடிக் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

“மேடம், இந்த மீட்டர் இதுவரைக்கும் ஆன் ஆனதே இல்லையே.”

எனக்கு அசடு வழிந்தது. அதற்கு பேட்டரி வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. முதல் குழுவைக் கூப்பிட்டுக் கேட்டதில் தலைவி அழுதுவிட்டாள். “மீட்டர்ல நம்பர் எதுவும் தெரியல மிஸ். நாங்கதான் கெடுத்துட்டோம்னு பயந்துட்டோம். நோட்ஸ்ல இருந்த கணக்கைப் பார்த்து எழுதினோம்.” மற்ற ஏழு குழுவும் அவளைப் பார்த்து எழுதியிருந்தன. அதாவது, ஸ்ரீரங்கத்தில் யாருடைய அயன் பாக்ஸையும் யாரும் அளக்கவில்லை. அவர்களைத் திட்டலாமா? பயந்ததை மறைத்தார்கள், அவ்வளவுதான். பயிற்சியில் மூன்று நாளும் நானும் அதையேதான் செய்தேன்.

இன்ஜினியர் பெண் போனபிறகுதான் உறைத்தது. இரண்டு வாரம் நிஜமாக எதையாவது பார்த்து எழுதியவள் அந்த வகுப்பில் ஒருத்திதான். நேரே ஹெச்.எம். அறைக்குப் போனேன்.

“இப்ப வந்து மாத்தணும்னா எப்படிங்க? தலைப்பு ஏத்தியாச்சு.”

“தலைப்பை மாத்தவே வேண்டாம் மேடம். இதுவும் வீட்டு மின்தடைதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். நான் விளையாடுகிறேனா, நிஜமாகச் சொல்கிறேனா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும் முழுசாகப் பிடிபட்டது என்று சொல்ல முடியாது. ஓம் இல்லாத ஓர் அட்டவணை எப்படி மின்தடை ஆகும்? ஆனால் ஓம் இருந்த எட்டும் பொய். கடைசியில், “என்னமோ செய்யுங்க, பேரை மட்டும் சரியா எழுதிக் குடுங்க” என்றார்.

மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நோட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்தைப் புரட்டினேன். தேதியும் இல்லை, நேரமும் இல்லை. காகிதம் மெலிந்துபோகும் அளவுக்கு அழுத்தி அழித்திருந்தாள். அதன்மேல் அழகான கையெழுத்தில் ‘அயன் பாக்ஸ் – 52.9 ஓம்’ என்று இருந்தது. கீழே என் சிவப்பு மையில் டிக். நான் போட்ட டிக்தான். எப்போது போட்டேன் என்று ஞாபகமே இல்லை.

“இது ஏம்மா?”

“திருத்தம் எழுதச் சொன்னீங்கல்ல மிஸ்.”

“உங்க வீட்டு அயன் பாக்ஸா?”

“எங்க வீட்ல அயன் பாக்ஸ் இல்ல மிஸ்.”

பழைய அட்டவணையில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவள் மனப்பாடமாகச் சொன்னாள். கிரைண்டர் மட்டும் ஓடினால் கரண்ட் போகாது. மாமி தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மட்டும் ஓடினாலும் போகாது. இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் மெயின் டிரிப் ஆகிறது. சந்தேகத்துக்கு, நாலு நாள் அம்மாவிடம் சொல்லி மோட்டார் நின்றபிறகு அரைக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த நாலு நாளும் கரண்ட் போகவே இல்லை. மூன்று நாள் பயிற்சியில் எனக்கு விளங்காத எதையோ இவள் யாரும் சொல்லாமலே செய்து முடித்திருந்தாள்.

“இதை மாமிகிட்ட காட்டினியா?”

“காட்டலாம்னுதான் இருந்தேன் மிஸ். நீங்க தப்புன்னு சொன்னீங்களே.”

“இப்ப?”

“கிரைண்டரைப் பரண்ல ஏத்தியாச்சு. அம்மா இப்ப அரைக்கறதில்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். குறை சொல்கிற குரல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமியிடம் நானே வந்து பேசுகிறேன், ரெண்டு வாரத்துக்குக் கிரைண்டரைக் கீழே இறக்கச் சொல்கிறேன், மறுபடி முதலிலிருந்து எழுது, கண்காட்சியில் நீதான் நிற்கப் போகிறாய் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மாமி ஒத்துக்கொள்வாரா என்பது எனக்கே தெரியாது. அவள் தலையாட்டினாள். புதுப் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தலைப்பு எழுதப் போனவள் பென்சிலை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்த மின்தடை மிஸ்?”

“உங்க வீட்ல நீ பார்த்தியே, அது” என்றேன். என் பேனா எப்போதும் சேலைத் தலைப்பில் செருகியிருக்கும். அதை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“பேனாவுல எழுதும்மா.”