ஆட்டத்தில் ஓர் இலவச இணைப்பு

குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் பாஸ்கெட்பால் போட்டியில் நான் ஐந்து வருடம் ஆடினேன். ஐந்து வருடமும் என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. என் கணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரப் பத்திரிகையோடு வரும் இலவச இணைப்பாக நானும் கூடப் போய்ச் சேர்ந்தேன்.

எல்லாம் காரால் வந்தது. ஆணும் பெண்ணும் கலந்த நான்கு அணிகள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் யார் வீட்டிலாவது பிரியாணி முடித்துவிட்டு, நான்கு கேப்டன்களும் முறை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆட்களை எடுப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் கார் ஒன்று, ஓட்டுகிறவரும் ஒருவர். கணவன் ஓர் அணி, மனைவி ஓர் அணி என்றால் பயிற்சிக்கு யாரை யார் கொண்டுபோய் விடுவது? அதனால் கார் ஓட்டாத மனைவி கணவர் அணியிலேயே இருந்துவிட வேண்டும் என்று ஒரு விதி. அதை யார் போட்டார்கள் என்று தெரியாது. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது, என்னைத் தவிர.

நான் கோயம்புத்தூரில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆடியவள். பந்தைக் கூடைக்குள் போடுவதில் நான் சுமார், அதுவும் பெரிய மனது வைத்துச் சொன்னால். எதிராளி போக நினைக்கும் இடத்துக்கு அவருக்கு முன்னால் போய் நின்றுகொள்வதுதான் என் சந்தோஷம். ஒருத்தி ஆட்டம் முழுக்கப் பந்தை வாங்க முடியாமல் அலைந்தால் அன்று எனக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். ஆனால் இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். போட்ட பந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும், போட முடியாமல் போன பந்து யார் கண்ணுக்குத் தெரியும்?

போன வருடம், மூன்றாவது முயற்சியில் எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது. மறுநாளே குழுவின் வாட்ஸ்அப்பில் என் பெயரைத் தனியாகக் கொடுத்துவிட்டேன். யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அது என் கணவராக இருந்தால் இன்னும் நல்லது. அந்த வருடம் அவர்தான் ஓர் அணிக்குக் கேப்டன்.

அவர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். எதற்கும் எக்செல் ஷீட் போடுகிற ஜாதி. ஒவ்வொருவரின் உயரம், போட்ட கூடைகள், ஃப்ரீ த்ரோ என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுல டிஃபென்ஸ் எங்க?" என்றேன்.

"அதை எப்படி அம்மிணி எண்றது? கூடை போடறவங்க முதல் ரெண்டு ரவுண்டுலயே போயிருவாங்க. தடுக்கறவங்களை யாரும் சீண்ட மாட்டாங்க. கடைசியில மெதுவா எடுத்துக்கலாம்."

அவர் கணக்கில் பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கூடை போடத் தெரியாதவர்கள் எல்லோரும் தங்களை டிஃபென்ஸ் ஆள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், அவர்களை நம்பி முதல் ரவுண்டை வீணாக்க முடியாது. ஆனால் நிஜமான ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தன் ஷாட் தவறியதும் தலையில் கை வைக்காமல் திரும்பி ஓடுவது யார் என்று பார்க்க வேண்டும். கையை நீட்டாமல் காலை நகர்த்துவது யார், பின்னால் இருப்பவருக்குக் குரல் கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, நன்றாகக் கூடை போடுகிறவர்களிடம், உன்னை யார் மறித்துப் பிடித்தால் உனக்கு எரிச்சல் வருகிறது என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடி "ம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை இருபத்தெட்டுப் பேர் ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முதல் ரவுண்டில் என் கணவர் புதிதாக வந்திருந்த ஓர் ஆறடி இளைஞரை எடுத்தார். இரண்டாவதில் இன்னொரு ஷூட்டர். நான் டீ கப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவோரம் இருந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது.

மூன்றாவது ரவுண்டில், அவருக்கு முந்தைய முறை ஓர் அக்காவுடையது. பல் டாக்டர். எங்கள் பெண்களில் அதிகக் கூடை போடுகிறவர். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி என் பெயரைச் சொன்னார்.

ஹாலில் சிரிப்பு. "அக்கா, இன்னும் ஷூட்டருங்க பாக்கி இருக்காங்களே!" என்றார் ஒருவர்.

"போன வருசம் ரெண்டு மேட்ச்சுல இவ என்னைப் பிடிச்சா. ரெண்டுலயும் எனக்குப் பந்தே வரலை. பாக்கறவங்க எனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சாங்க. எனக்குத்தானே தெரியும்! கலாஸ், முடிஞ்சுது, எடுத்தாச்சு."

கப்பைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். வெளியே வந்தபோது, நிறுத்திய இடத்தில் காரைக் காணாதவர் போல என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"நீ எப்படியும் எனக்குத்தானேன்னு இருந்துட்டேன் அம்மிணி."

"கடைசி ரவுண்டுல எடுக்கலாம்னா?"

"கடைசி இல்ல. அதுக்கு முந்தினது."

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன்.

அக்கா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முதல் பயிற்சியிலேயே, "நல்லா பிடிக்கறே. ஆனா நம்ம கையில பந்து இருக்கறப்ப, நீ எப்படியும் போட மாட்டேன்னு எதிர் டீம் உன்னை விட்டுட்டு எங்க நாலு பேர் மேல விழுந்துடறாங்க. மூலையில நின்னு ஒரே ஒரு ஷாட் கத்துக்க, போதும்" என்றார். தோள் வலிக்கும்வரை தினமும் மூலையிலிருந்து எறிந்தேன். தடுக்கிற ஆளை எடுப்பதோடு வேலை முடிவதில்லை, பந்து கையில் இருக்கும்போதும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும் என்பதை நான் அக்காவிடம்தான் கற்றேன்.

பிறகு என் கணவரின் அணியோடு மேட்ச் வந்தது. "உன் வீட்டுக்காரரை நீயே பாத்துக்க" என்றார் அக்கா. பதினாறு வருடமாகப் பார்க்கிற மனிதர். இடது பக்கம் போவதற்கு முன் வலது தோளை லேசாக இறக்குவார். தோள் இறங்கியதும் நான் அவருடைய இடது பக்கத்தில் நின்றேன். மறுபடி இறங்கியது, மறுபடி நின்றேன். வெளியே இருந்து, "வீட்லயும் இப்படித்தானா சார்?" என்று கத்தினார்கள். முகம் சிவந்து, பந்தை அடுத்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஆட்டம் முழுக்க அவர் போட்டது ஒரே கூடை.

நாங்கள் தோற்றோம். அந்த ஆறடி இளைஞர் போட்டுத் தள்ளிவிட்டார், நானும் மூலையிலிருந்து இரண்டு ஷாட்டைக் கோட்டை விட்டேன். என் கணவருடைய எக்செல் ஒன்றும் சும்மா இல்லை.

ஆட்டம் முடிந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறடி இளைஞரும் வந்து, "சார், வீட்லயே இப்படி ஒரு ஆளை வெச்சுக்கிட்டு எப்படி விட்டீங்க?" என்றார். ஏதாவது ஜோக் அடித்துச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"நான் பாக்கலீங்க" என்றார். எல்லோர் காதிலும் விழும்படி.

என் சமையலை, புடவையை, பிள்ளைகளை வளர்ப்பதை எல்லாம் அவர் பாராட்டியிருக்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு சொல் கொடுத்த சந்தோஷத்தை அவை எதுவும் கொடுத்ததில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

"அடுத்த வருசம் முதல் ரவுண்டுலயே நீதான் அம்மிணி" என்றார்.

"உங்க முறை வரும்போது பேரைச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வேற யாரும் சொல்லலைன்னா வர்றேன்."