நடுக்கோடு

அந்தப் பள்ளியில் அவளுக்குக் களிமண் டீச்சர் என்று பெயர். வைத்தவர்கள் பெற்றோர்கள். மழலை வகுப்பில் சேர்த்து மாதங்கள் ஓடியும் பிள்ளைகளின் கையில் பென்சில் ஏறவில்லை, நகக்கண்ணில் மண்தான் ஏறியது என்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"இங்கிலீஷ் படிக்கத்தானே அனுப்பினோம். பானை செய்யவா?" என்று ஒரு தாய் வாசலில் வைத்தே கேட்டாள்.

"பானை செய்யற கை எதையும் எழுதும்மா" என்றாள் டீச்சர்.

களிமண்ணைப் பாம்பாக உருட்டி, வளைத்து, ஸ்ஸ் என்று சீறினால் அது எஸ். தரையில் சாக்கட்டியால் போட்ட பெரிய சி மேல் பிள்ளைகள் கால் பிசகாமல் நடப்பார்கள். துணி கிளிப்புகளை அழுத்தி அழுத்திக் கயிற்றில் மாட்டுவார்கள். சுவரை இரு கையாலும் தள்ளுவார்கள். சுவர் நகர்ந்துவிட்டது என்று யாராவது ஒருத்தி சத்தியம் செய்வாள். தோள் உறுதிப்பட்டால் முழங்கை சொன்ன பேச்சு கேட்கும், முழங்கை கேட்டால் மணிக்கட்டு, விரல் எல்லாவற்றுக்கும் கடைசி. இது அவள் கணக்கு.

வேலைக்கு வந்த புதிதில் அவளும் முதல் நாளே பென்சிலைக் கொடுத்தவள்தான். வராத கையைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்தாள். ஆண்டு முடிவில் புரட்டிப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் அவளுடைய கையெழுத்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் மண். மின்கம்பம் ஏறுகிற வேலையிலிருந்த அவள் கணவன், "மண்ணைத் தொட்டுச் சம்பளம் வாங்கற ஒரே இங்கிலீஷ் டீச்சர் நீதான்" என்பான். "கம்பத்தைக் கட்டிப் பிடிச்சு வாங்கறவங்க பேச வேண்டாம்" என்பாள் இவள்.

அந்த வருடம் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள் வந்து சேர்ந்தாள். அதிகம் பேசாத பெண். பென்சில் கைக்கு வந்த நாட்களில் டீச்சர் ஒன்றைக் கவனித்தாள். அவள் பக்கத்தின் இடது பாதியை இடது கையால் எழுதினாள். நடுவுக்கு வந்ததும் பென்சில் வலது கைக்கு மாறியது. எழுத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

டீச்சர் பூரித்துப் போனாள். "இங்க பாருங்கடா, நம்ம ரெட்டைக்கை!" என்று வகுப்புக்கே காட்டினாள். பெயர் ஒட்டிக்கொண்டது. மாலையில் அழைத்துப் போக வந்த ஓட்டுநரிடம், "உங்க பொண்ணுக்கு இது வரம் மாதிரி" என்றாள். அவர் அதைக் கண்டக்டரிடம் சொல்லி, கண்டக்டர் பயணிகளிடம் சொல்லி, அந்தத் தடத்தில் அறியாதவர் இல்லை. தலைமையாசிரியை காதுக்கும் போயிற்று. ஆண்டு விழா மேடையில் கரும்பலகை வைத்து, பெண்ணை எல்லோர் முன்னும் எழுத வைப்பது என்று முடிவாயிற்று.

விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, முற்றத்தில் பிள்ளைகள் ஆளுயர எழுத்துகள் வரைந்துகொண்டிருந்தார்கள். ரெட்டைக்கைக்கு எக்ஸ். குறுக்கே ஒரு கோடு, அதை வெட்டி இன்னொரு கோடு, அவ்வளவுதான் வேலை. அவள் இடது கையால் ஓர் அம்பு முனையை வரைந்தாள். சாக்கட்டியை மாற்றிக்கொண்டாள். வலது கையால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முனையை வரைந்து முதல் முனையோடு முட்டவிட்டாள். முடிந்தபோது அழகான எக்ஸ். ஆனால் எந்தக் கோடும் எதையும் கடக்கவில்லை.

டீச்சர் அவள் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கி வைத்தாள். பெண்ணை உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். இடப்பக்கம் பொத்தான்கள், வலப்பக்கம் கிண்ணம். பெண் இடக்கையால் பொத்தானை எடுத்தாள், மார்புக்கு நேரே கொண்டுவந்து வலக்கையில் கொடுத்தாள், வலக்கை கிண்ணத்தில் போட்டது. திரும்பத் திரும்ப அப்படியே. உடம்பின் நடுவே ஒரு மதில் எழுந்து நிற்பது போல ஒரு கையும் அந்தப் பக்கம் போகவில்லை.

பயிற்சிக் காலத்தில் படித்ததுதான். கைகள் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாவிட்டால், எது எழுதும் கை என்று தேறாமல் இரண்டுமே அரைகுறையாக நின்றுவிடும். வரி நீளும்போது தடுமாறும். வருடம் முழுக்க விழித்த கண்ணோடு கோட்டை விட்டிருக்கிறாள். போதாததற்குப் பெயரும் சூட்டியிருக்கிறாள்.

"மேடை வேண்டாம் மேடம். இது வரமில்ல, குறை" என்றாள் தலைமையாசிரியையிடம்.

"அழைப்பிதழே அடிச்சாச்சு டீச்சர். விழா முடியட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"கைதட்டல் கேட்டுட்டா அவ விடமாட்டா. அவங்க அப்பாவும் விடமாட்டார்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "சரி. ஆனா குறைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வருஷக் கடைசில பலகைல ஒரு முழு வரி, ஒரே கையால. எழுதினாத்தான் ஒண்ணாம் வகுப்பு."

ஓட்டுநரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் நின்றபடியே கேட்டார்.

"போன மாசம் வரம். இந்த மாசம் குறையா?"

"நான் தப்பாப் பார்த்துட்டேன்."

"நானும்தான் ரெண்டு கையால ஸ்டியரிங் பிடிக்கிறேன். எனக்கும் குறையா டீச்சர்?"

"வளைவுல உங்க கை ஒண்ணு மேல ஒண்ணு தாண்டிப் போகுதில்ல? அவளுக்கு அது வரல."

அவர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் அனுப்பவில்லை. அப்புறம் அனுப்பினார். வாசல் வரை வருவார், இவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

டீச்சர் சுவரில் எட்டைப் படுக்கப் போட்டு அதன் மேல் பெண்ணை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னாள். எதிரெதிரே உட்கார்ந்து குறுக்குக் கை தட்டினார்கள். வலக்கை இடக்காலைத் தொட வேண்டும். பெண் சலித்தாள், அழுதாள். ஒருநாள் துணியை வீசிவிட்டு, "நான் ரெட்டைக்கை!" என்று கத்தினாள். டீச்சர் துணியைப் பொறுக்கி மறுபடி நனைத்துக் கொடுத்தாள்.

வருடக் கடைசியில் தலைமையாசிரியை அறையின் நீளப் பலகை முன் பெண் நின்றாள். ஓட்டுநர் சீருடையோடு வந்திருந்தார். வலக்கையில் சாக்கட்டி. ஏ, பி, சி. எழுத்துகள் உருண்டையாக, அழுத்தமாக விழுந்தன. சாக்கட்டி கை மாறவில்லை. வரி பலகையின் மறுகோடி வரை போய் நின்றது.

"முடிச்சுட்டாளே!" என்றாள் தலைமையாசிரியை. ஓட்டுநரின் முகம் பல வாரங்களுக்குப் பிறகு தளர்ந்தது.

டீச்சர் பலகையைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பெண் ஒரு தப்படி நகர்ந்திருந்தாள். இடது கோடியில் தொடங்கியவள் இப்போது வலது கோடியில் நின்றாள். எல்லா எழுத்தும் அவள் வலது தோளுக்கு நேராகவே எழுதப்பட்டிருந்தது. கை மதிலைத் தாண்டவில்லை. அவள்தான் மதிலைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தாள்.

ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"இன்னும் வரல மேடம். நடந்துதான் எழுதியிருக்கா" என்றாள். "மேல அனுப்புங்க. ஆனா தினம் காலைல, மணி அடிக்கிறதுக்கு முன்னாடி, என் கிளாசுக்கு வரணும்."

"அங்கயும் இங்கயுமா? ரெண்டும் கெட்டானா?" என்றாள் தலைமையாசிரியை. பலகையைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். "சரி, அனுப்பறேன். காலைல கொண்டாந்து விடறது யாரு?"

ஓட்டுநர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "முதல் டிரிப்பை மாத்திக் கேக்கறேன். நானே விடறேன்" என்றார். வாசலைத் தாண்டும்போது டீச்சர் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"குறைன்னா உடனே சொல்லுங்க டீச்சர். நல்லதுன்னா மட்டும் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்க."

அவள் தலையசைத்தாள்.