சாவித் துளையில் சந்தனம்

மாமல்லபுரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருமுறை என் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிச் செல்லும் ரேக்கையே உருவிக்கொண்டு போனார்கள். பின் பம்பருக்கு அடியில் உள்ள சதுரக் குழாயில் ரேக்கின் தண்டைச் சொருகி, குறுக்கே ஒரு கம்பி கோத்திருந்தேன். அந்தக் கம்பிக்குப் பூட்டில்லை. சைக்கிளை மட்டும் ரேக்கோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தேன். திருடனுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. சைக்கிள் என் மனைவியின் தம்பியுடையது. அதன் பிறகு எங்கள் ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரிடமும் அவன் சொன்னான்: "மாமா ரேக்குல மாட்டினா திருடனுக்கு டோர் டெலிவரி."

புது ரேக்குக்குக் குறுக்குக் கம்பியிலேயே பூட்டு இருந்தது. சைக்கிளையும் ரேக்கையும் சேர்த்துப் பிடிக்க இன்னொரு கனத்த பூட்டும் வாங்கினேன். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. ஞாயிறு விடிகாலை மாமல்லபுரத்தில் சைக்கிள் பந்தயம். மைத்துனன் வேலை பார்க்கும் மறைமலைநகர் தொழிற்சாலையின் அணியில் ஓர் இடம் காலி. அது யாருக்கு என்பது அந்தப் பந்தயத்தில் முடிவாகும். கோடை முழுக்க ஷிப்ட் முடிந்து வந்து மிதித்திருந்தான்.

பூஜையன்று என் மனைவி மிக்சி, கத்தரிக்கோல், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். தம்பி ஜெயிக்கட்டும் என்று பூட்டுகளுக்கும் வைத்தாள். சாவித் துளைக்குள் தூசு போகாமலிருக்க நான் மாட்டியிருந்த ரப்பர் மூடிகளை நீக்கி, நட்ட நடுவில் தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். காய்ந்ததும் மூடிகளைப் பழையபடி மாட்டிவிட்டாள். சனிக்கிழமை சைக்கிளை ஏற்றி அழுத்தினேன். கிளிக்கென்று பூட்டிக்கொண்டது.

பந்தயம் தொடங்கும் இடத்தில் மூடியை நீக்கினால் துளையைக் காணோம். சந்தனம் கல்லாகியிருந்தது. ஊக்கால் குத்தினேன்; தண்ணீர் விட்டேன். சாவி பாதி போய் நின்றது.

அவனுடைய கூட்டாளிகள் ஹெல்மெட்டோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"காரோட சேத்து மிதி மச்சான். ஆறு சக்கரம், நீதான் ஃபர்ஸ்ட்டு!"

"பூட்டுக்குப் பூஜ போட்ட வூடுடா. சாமியே சைக்கிள புடிச்சிகினு கீது."

ஒருவனிடம் மாற்று சைக்கிள் இருந்தது. மைத்துனன் கெஞ்சிக் கேட்டான்.

"சீட்டு என் ஒயரத்துக்கு வெச்சது மச்சான்," என்று சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

விசில் ஒலித்தது. எல்லோரும் போனார்கள். மைத்துனன் அக்காவை ஸ்பீக்கரில் அழைத்தான்.

"பூட்டுக்குப் பொட்டு வெச்சது நீதானே?"

"ஆமாண்டா. இன்னா, கெலிச்சிட்டியா?"

"ஒன் கை பட்டது எது வெளங்கிகீது? ஒன் வவுறு மாரிதான் எல்லாம்."

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதுவரை யாரும் அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. நான் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெல்டிங் கடைக்காரர் வந்து அறுப்பதற்குள் பந்தயம் முடிந்திருந்தது. "நல்ல பூட்டு சார், லேசுல வுடமாட்டேங்குது," என்றார். அணியில் அந்த இடம் மாற்று சைக்கிள் வைத்திருந்தவனுக்குப் போனது.

அடுத்த ஆயுத பூஜைக்கு மைத்துனன் சைக்கிளோடு வந்து நின்றான். மனைவி மிக்சிக்கு வைத்தாள், காருக்கு வைத்தாள், வாசல் பைப்புக்குக்கூட வைத்தாள்.

"அக்கா, சைக்கிளு?"

சந்தனக் கிண்ணத்தை அவன் காலடியில் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.