இடப்பக்கம் பைண்ட் செய்த பேய்க்கதை

போன கிழமை கண்டியில் புதிதாகத் திறந்திருக்கும் கடைத்தொகுதி ஒன்றுக்குள் மழைக்கு ஒதுங்கினேன். கையில் குடை இருந்தது. ஆனால் கண்டி மழைக்குக் குடை சும்மா ஒரு மரியாதைக்குத்தான். மாடியில் ஒரு புத்தகக் கடை. அங்கே ஜப்பான் படக்கதைகளுக்கென்றே ஓர் அலுமாரி, ஒவ்வொன்றும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள். நடுத்தட்டில் நான் அந்தக் காலத்தில் வாசித்த பேய்க்கதை! மூன்று பாகங்களையும் ஒன்றாக்கி, கெட்டி அட்டை போட்டு வைத்திருந்தார்கள். பிரித்து வைத்திருந்த மாதிரிப் பிரதியை எடுத்துத் திறக்கப் போனேன். கடைப் பிள்ளை ஓடி வந்தாள்.

"மிஸ், மிஸ், அந்தப் பக்கத்தால தொறக்க வேணாம். அது முடிவு. இத வலப்பக்கமிருந்து வாசிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்தப் பிள்ளை குழம்பிப் போனாள். இந்த அறிவுரையை ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் ஏற்கெனவே வாங்கியவள் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனில் வேலை பார்த்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல் எடுப்பது, போட்டோ கொப்பி அடிப்பது, டைப் பண்ணுவது, பைண்ட் பண்ணுவது என்று சகலமும் நடக்கும் ஒரு பெட்டிக்கடை. கொப்பி மெசினிலிருந்து சூடான மை வாசம் வரும். அந்த வாசம் பட்டால் எனக்கு இன்றைக்கும் பசிக்கிறது, ஏனென்றால் மத்தியானச் சாப்பாட்டை மெசினுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிட்டோம். சோற்றுப் பார்சலை அதன் மேல் வைத்தால் சூடாகவும் இருக்கும். முதலாளிக்கு அது தெரியாது, இனித் தெரிந்தும் ஆகப்போவதில்லை.

'சாப்பிட்டோம்' என்றது நானும் ரிஸ்னாவும். ரிஸ்னா அலவத்துகொடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நான் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை, டவுனில் போர்டிங். அவள் டைப் பண்ணுவாள், நான் கொப்பியும் பைண்டிங்கும். அவளுடைய உம்மா கட்டித் தரும் மாட்டிறைச்சிக் கறியின் மசாலாவையும் என் கீரைச் சுண்டலையும் நடுவில் வைத்துப் பங்கிடுவதில் எங்களுக்குள் ஒரு நாளும் நியாயம் நடந்ததில்லை.

அந்தக் கடைக்கு வந்துபோன ஜப்பான் தொண்டர் பெண் ஒருத்தி, நாடு திரும்புவதற்கு முதல் நாள் தன் கடதாசிகளைக் கொப்பி எடுக்க வந்தாள். அவள் பைக்குள் இந்தப் படக்கதையின் மூன்று பாகங்கள், ஆங்கிலத்தில். நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு, வேண்டுமென்றால் கொப்பி எடுத்துக்கொள் என்று சைகை காட்டினாள். எடுத்தேன். மூன்றையும் அவள் மேசையில் பரப்பி வைத்த வரிசையிலேயே இடப்பக்கமிருந்து தொடங்கி அடித்து, இடப்பக்கம் துளை போட்டு, நீல ஸ்பைரல் கோத்தேன். ஏ.எல். பரீட்சைப் பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர் புத்தகங்களை அப்படித்தானே பைண்ட் பண்ணுவோம்! அட்டைகளைக் கொப்பி எடுக்கவில்லை. வலமிருந்து வாசிக்கச் சொல்லும் எச்சரிக்கை ஏதாவது இருந்திருந்தால் அது அதில்தான் இருந்திருக்கும்.

வாசித்த கதை இதுதான். ஒரு வாலிபன் கடற்கரையில் தனியே நடக்கிறான். பிறகு பூதங்களோடு பெரிய சண்டை. சண்டைக்குச் சண்டை அவன் வயது குறைகிறது. அவன் நிழலுக்குள் செத்துப்போன அண்ணனின் ஆவி ஒன்று மங்கலாகத் தெரிகிறது. பக்கம் போகப் போக அந்த ஆவி கறுத்துத் தெளிகிறது. கடைசியில் கடல் பிளந்து அண்ணன் உயிரோடு வெளியே வருகிறான். இறுதிப் பக்கத்தில் அண்ணனும் சின்னஞ்சிறு தம்பியும் ஒரு மதிலில் உட்கார்ந்து பேக்கரிப் பணிஸ் ஒன்றைப் பிய்த்துத் தின்கிறார்கள்.

இப்படியொரு கதையை என் வாழ்நாளில் நான் வாசித்ததில்லை. பதில் முதலில் வரும், கேள்வி பிறகு வரும். அடி விழுமுன் அழுவார்கள். ஜப்பான்காரர் அப்படித்தான் கதை சொல்வார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அந்த இறுதிப் பக்கத்துக்காக நான் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

ஏனென்றால் எனக்கும் ஓர் அண்ணன் இருந்தான். நான் டவுனுக்கு வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே மலை சரிந்தது. அடுத்த லயத்து ஆட்களை எழுப்பப் போனவன் திரும்பவில்லை. புசல்லாவைக் கடையில் பணிஸ் வாங்கினால் பெரிய பாதியை அவன் எடுத்துக்கொண்டு, "நான்தானே காசு குடுத்தேன்" என்பான். காசு அம்மாவுடையது.

கண்டியில் அப்போது ஒரு வாசகர் வட்டம் இருந்தது. பௌர்ணமிப் போயா தினம் பின்னேரம் கூடுவார்கள். யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தின் நிறைகளையும் குறைகளையும் சொல்ல வேண்டும், அந்தப் புத்தகம் சபையில் கைமாறிக்கொண்டே போகும், பிறகு பிளேன் டீ. தலைவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்ல மனிசன்தான், ஆனால் எதற்கும் மார்க்ஸ் போடுகிறவர். நான் பேசுவதாகப் பெயர் கொடுத்தபோது கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளை, பேய்ப் படக்கதையோ? அதுவும் பொடியளுக்கு எழுதினது. உமக்கு வேற புத்தகம் கிடைக்கேல்லையோ?"

"இதத்தான் சேர் பேசுவேன்," என்றேன். என்னை யாராவது வேண்டாமென்றால்தான் எனக்கு வேகமே வரும். இந்தக் குணத்தால் இரண்டு வேலைகள் போயிருக்கின்றன, அது வேறு கதை.

போயா அன்று மழை. ரிஸ்னா எனக்காக அலவத்துகொடவிலிருந்து வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தாள். நான் எழுந்து, முதலில் குறைகளைச் சொன்னேன். கேள்விக்கு முன் பதில் வருகிறது. காரணமில்லாமல் கட்டடம் இடிகிறது. கதாநாயகன் வரவர மடையனாகிறான். சபை தலையாட்டியது. இனி நிறைகள் என்று தொடங்கும்போது, கைமாறி வந்த நீல ஸ்பைரல் ரிஸ்னாவின் மடியில் இருந்தது. மதரசாவில் ஓதிப் பழகிய கை, யோசிக்காமல் அதை வலப்பக்கமிருந்து திறந்தது. இரண்டு பக்கம் புரட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"புள்ள," என்றாள். மெதுவாகச் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. "இத நீ தலகீழா வாசிச்சீக்கிறாய். குர்ஆன் மாதிரி இங்கால இருந்து தொறக்கணும். இங்கதான் தொடக்கம் ஈக்கி."

மண்டபமே சிரித்தது. தலைவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அவரும் சிரித்தார். "அப்ப பிள்ளை, நீர் சொன்ன குறை ஒண்டும் குறையில்லை. பிழை எங்கட பைண்டிங்கில. சரி, இரும்."

முகம் எரிந்தது. அவர் சொன்னபடியே உட்கார்ந்திருக்கலாம். பிளேன் டீயைக் குடித்துவிட்டு எல்லாரும் மறந்திருப்பார்கள். ஆனால் அந்த நொடியில் எனக்கு உறைத்தது வேறு விஷயம். அப்படியென்றால் அந்த மதில்தான் முதல் பக்கம். அப்படியென்றால் கடல் அண்ணனை வெளியே விடவில்லை, உள்ளே இழுத்தது.

"இருக்க மாட்டேன் சேர்," என்றேன். "குறையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன். நெறைகளச் சொல்லாம விட மாட்டேன். இந்தக் கதையில செத்த அண்ணன் திரும்பி வர்றான். நேரா வாசிச்சா அவன் சாகுறான்னா எனக்கு நேரா வேணாம்."

தலைவர் கோபிக்கவில்லை. "எழுதினவன் ஒரு பக்கமாத்தானே பிள்ளை எழுதினவன்," என்றார்.

"எழுதினவருக்கு அண்ணன் உசுரோட இருந்திருப்பாரு சேர்."

தலைவர் அதற்கு மார்க்ஸ் போடாமல் டீயைக் கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டே குடித்தாள், சீனி போதாதென்றும் முறைப்பட்டாள்.

பிறகு மத்தியான நேரங்களில் ரிஸ்னாவோடு அதை வலமிருந்து ஒழுங்காக வாசித்தேன். நியாயமாகச் சொல்வதென்றால் நல்ல கதை. பயப்படுகிற பொடியனைக் கேவலப்படுத்தாத கதை. மழை மட்டுமே பெய்கிற, ஒரு சொல்லும் இல்லாத பக்கங்கள் அதில் இருந்தன. அவற்றை எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒரே மழைதான். குறைகளும் இருந்தன, இந்த முறை உண்மையான குறைகள். அடிக்கும் முன் எப்படி அடிக்கப் போகிறேன் என்று கத்தி விளக்குகிறார்கள். தோற்ற எதிரியெல்லாம் உடனே நல்லவனாகிவிடுகிறான். பெண்பிள்ளைகள் ஓரமாக நின்று கதாநாயகனின் பெயரைக் கூப்பிட்டு அழுகிறார்கள். "எங்கட உம்மாவ உட்டீந்தா அந்தப் பூதம் ஒரு நாளும் நிண்டீக்காது," என்றாள் ரிஸ்னா.

ஆனால் நான் மன்னிக்காத குறை ஒன்றுதான். தம்பி பெரியவனாக வேண்டுமென்றால் அண்ணனின் நிழலை விட்டுவிட வேண்டும் என்கிறது அந்தக் கதை. விட்டுவிட்டுக் கடற்கரையில் தனியே நடந்தால்தான் ஆம்பிளையாம். ஏன் விட வேண்டும்? நான் விடவில்லை. விடாமலே வேலை பார்த்தேன், கலியாணம் கட்டினேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். போதுமான அளவுக்குப் பெரியவளாகத்தான் ஆகியிருக்கிறேன்.

அந்தக் கொமினிகேஷன் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். வாசகர் வட்டம் தலைவரோடு போய்விட்டது. ரிஸ்னா திகனவில் கலியாணம் முடித்து, அங்கிருந்து கட்டார் போனாள். பெருநாளைக்குக் குரல் செய்தி மட்டும் வரும். நீல ஸ்பைரல் கொப்பி ஈரத்தில் ஒட்டிப் பாளமாகிவிட்டது, பிரித்தால் மை உரிந்து வருகிறது. சரிந்த மலையில் மறுபடி தேயிலை நட்டுவிட்டார்கள். லயம் எங்கே இருந்தது என்று எனக்கே இப்போது காட்டத் தெரியாது.

கடைப் பிள்ளை இன்னமும் என் பக்கத்தில் நின்றாள். "மிஸ், அந்தப் பக்கம் முடிவு," என்றாள் மறுபடியும்.

"தெரியும் மகள்," என்றேன். "நான் இப்பிடித்தான் வாசிப்பேன்."

இடப்பக்கமிருந்து திறந்தேன். கடற்கரை, சண்டை, மழை, கடல், எல்லாவற்றையும் நின்றபடியே புரட்டிப் போய் மதிலுக்கு வந்து சேர்ந்தேன். கொப்பியின் கறுப்பு மையில் இத்தனை வருடம் சரியாகத் தெரியாமலிருந்த ஒன்று நல்ல அச்சில் தெளிவாகத் தெரிந்தது. பணிஸின் பெரிய பாதி அண்ணனிடம்தான் இருந்தது.