மண்டையில் வந்த மார்க்கு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வாத்தியார் ஒருவர்தான், ஐந்து வகுப்பும் ஒரே கூரையின் கீழ். அவர் கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சரியாகச் சொன்னவர் நிற்பவர்கள் எல்லார் தலையிலும் குட்டிக்கொண்டே போக வேண்டும். சத்தம் வாத்தியார் காதில் விழ வேண்டும். விழாவிட்டால், "குட்டுன்னா இப்படி" என்று குட்டியவர் தலையிலேயே போட்டுக் காட்டுவார். அவர் குட்டினால் கண்ணுக்குள் மஞ்சளாகத் தெரியும்.

மார்க்கும் உண்டு. சிலேட்டில் எழுதி அனுப்புவார். அப்பாவுக்கு எண் மட்டும் தெரியும். "நாப்பத்தொண்ணுன்னா எத்தனைக்கு நாப்பத்தொண்ணு? அம்பதுக்கா, நூத்துக்கா?" என்பார். அவர் எதிரில் எனக்கு வாய் திறக்காது. அதனால் அவர் மார்க்கை நம்பவில்லை. சந்தையில் காளை வாங்கும்போது நுகத்தடி வீக்கம் இருக்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்ப்பவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுத்தரையில் மாடுகளைப் பார்த்துவிட்டு, அதே கையால் என் தலையையும் தம்பி தலையையும் தடவிப் பார்ப்பார்.

மூன்றாம் வகுப்பு முடிகிறவரை என் தலையில் ஒன்றும் இருந்ததில்லை. வீட்டில் பேச்சு வராதே தவிர எனக்குக் கணக்கு வரும். அந்த வருஷக் கடைசியில் வாத்தியார் நாலாவதைத் தாண்டி என்னை ஐந்தாவதில் உட்கார வைத்தார். டபுள் பிரமோஷன் என்றார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் பெரிய பையன்கள். சிலர் அதே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த பின்னக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. கலப்பை பிடித்துக் காய்த்த கையால் குட்டினார்கள். முதலில் புளியங்கொட்டை அளவு வீங்கியது, பிறகு கொட்டைப்பாக்கு அளவு.

அப்பாவின் விரல் அங்கே நின்றது. சடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி அறைந்தார்.

"போன வருசம் மண்டை சுத்தமா இருந்துச்சு. இப்பப் பாரு. படிப்பு மேல போகுதா, கீழ போகுதா?"

அம்மா பால் கறந்துகொண்டே, "நிறுத்திப்போடுங்க. மாடு மேய்க்க ஆளில்ல" என்றாள்.

பக்கத்தில் நின்ற தம்பியின் தலை வழுவழுவென்று இருந்தது. "எங்கண்ணு" என்று அப்பா அதைத் தட்டிக் கொடுத்தார். அவன் மூன்றாம் வகுப்பு. ஒரு கேள்விக்கும் பதில் தெரியாது. ஆனால் தன்னைக் குட்டியவனை வீட்டுக்குப் போகும் வழியில் கல்லால் அடிப்பான். ஒருவனுக்குப் பல் போயிருந்தது. அதனால் பிள்ளைகள் அவன் தலைக்கு மேலே கையை ஓங்கி, சத்தத்துக்குத் தங்கள் தொடையில் அடித்துக்கொள்வார்கள்.

நான் ராத்திரி சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை விட்டுவிட மனசு வரவில்லை.

மறுநாள் அப்பா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். "ஏனுங்க வாத்தியாரே, புள்ளைய நிறுத்திப்போடலாம்னு வந்தேனுங்க."

"நல்லாப் படிக்கிற புள்ளையாச்சுங்களே."

"மண்டைய நீங்களே தொட்டுப் பாருங்க."

"அது பெரிய வகுப்புக் குட்டுங்க. ரெண்டு படி ஏறிப்போட்டா. நாள் போனாச் செரியாயிரும்."

அப்பாவுக்கு அது மாட்டுத் தரகு பேசுவது போலப் பட்டது. "அதெல்லாம் வேண்டாமுங்க. எம்பையன்கூட இவள உக்கார வெச்சு என் கண்ணு முன்னால கேளுங்க. தோத்தா இன்னைக்கே கூட்டீட்டுப் போயர்றேன்."

என்னை மூன்றாம் வகுப்பு வரிசையில் உட்கார வைத்தார்கள். வாத்தியார், "பதிமூணெட்டு?" என்றார். முதல் பையன் எழுந்தான். இரண்டாமவன் எழுந்தான். ஒவ்வொருவராக எழுந்து, தம்பியும் எழுந்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா ஏற்கெனவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நூத்தி நாலுங்க."

"செரி. போடு."

போட்டேன். ஒவ்வொரு தலைக்கும் அப்பா, "ம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி முன்னால் நின்றதும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "தொட்டா ஊட்டுல கொன்னுபோடுவேன்" என்றான். என் கை நின்றது.

"என்னம்மணி நிக்கறே? போடு!" என்று அப்பாவே கத்தினார்.

குட்டினேன். தேங்காய் உடைத்த மாதிரி சத்தம் வந்தது. அவன் என் வலது கையைப் பிடித்து இழுத்து விரல் கணுவில் கடித்தான். பல் எலும்பில் பட்டது. அப்பா ஓடிவந்து அவன் தாடையை அழுத்திப் பிரித்தார். பிறகு அவன் தலையைத் தடவினார். வீக்கம் அவர் விரலுக்கடியிலேயே எழுந்தது.

"இத்தன நாளா ஏனுங்க இவன் மண்டை இப்படியில்ல?"

பல் போன பையன்தான், "நாங்க தொடையிலதானுங்க அடிச்சுக்குவோம்" என்றான். யாரோ சிரித்தார்கள்.

அப்பா தம்பியின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வாங்க. ஒவ்வொருத்தரா வந்து பாக்கி வெக்காமப் போடுங்க."

முதல் இரண்டு பேர் பயந்து பயந்து குட்டினார்கள். பல் போன பையன் கையில் எச்சில் துப்பிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு வரிசையெல்லாம் நிற்கவில்லை, முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். தம்பி அலறினான். காதுக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. வாத்தியார், "போதுமுங்க, போதுமுங்க" என்று நடுவில் புகுந்து, அவரும் ரெண்டு வாங்கினார்.

அப்பா கையை விட்டார். மூச்சு வாங்க, "இவ படிக்கட்டுமுங்க" என்றார். தம்பியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்தியார் என் விரலில் கிழிந்த துணியைச் சுற்றி, ஐந்தாம் வகுப்புக்குப் போய் உட்காரச் சொன்னார். சாயங்காலம் பின்னத்தில் ஒரு கேள்வி கேட்டார். பெரிய பையன்கள் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். அந்த வகுப்பில் முதல் தடவையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னேன்.

"செரி. போடு."

வலது கையை மடக்க முடியவில்லை. வீங்கிப் போயிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன்.

"எடது கை இருக்குதல்ல?" என்றார் வாத்தியார்.

அவர்கள் உயரம் எனக்கு எட்டாது. ஒருவன் குனிந்து கொடுத்தான்.